இருபத்தேழாம் டவரின் பல்

எண்பது மீட்டர் உயரத்தில்
காத்தாடியின் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
நிறுத்தி வைத்திருக்கிறோம்.
ஓடினால் ஒரு சத்தம், நிறுத்தினால் இல்லை,
டாக்டரைப் பார்த்ததும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி.

போனில் ஹென்ரிக்.
டென்மார்க்கில் இன்னும் காபி குடித்திருக்க மாட்டார்.
"வாட் கைண்ட் ஆஃப் நாய்ஸ், சொரிமுத்து?"

கியர்பாக்ஸ் என்னிடம் உண்டு.
பேரிங் உண்டு, ஷாஃப்ட், டார்க், ஹைட்ராலிக்.
பெரிய சொல்லெல்லாம் கம்பெனி கொடுத்தது.
ஹெல்மெட்டோடும் இடுப்புக் கயிற்றோடும்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
சின்னச் சொல்தான் இல்லை.
உரசுவது, நெரிவது, சொட்டுவது,
விட்டு விட்டு, லேசாக,
இருந்தும் இல்லாத மாதிரி.
இதெல்லாம் ஸ்டோரில் ஸ்டாக் கிடையாது.

நறநற என்று கேட்டது.
கடகட இல்லை. கிரீச் இல்லை.
நறநற.
நம்மிடம் சத்தம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வரும்.
அங்கே யாரோ உட்கார்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள்,
எனக்குச் சொல்லாமல்.

சொல் இல்லாத இடத்தில் சுற்றிப் போவேன்,
பணகுடியில் பாலம் வேலை நடந்தபோது
பஸ்ஸெல்லாம் போன மாதிரி.
புனலுக்குப் பெயர் தெரியாத நாளில்
"ஆயில் தொப்பி, அப்சைட் டவுன்" என்றேன்,
எடுத்துத் தந்துவிட்டார்கள்.
புரியாமல் ஒருமுறை "யெஸ்" சொன்னதில்
நாற்பது கிலோ தப்பான போல்ட்டு
கப்பலேறி வந்தது.
அதிலிருந்து யெஸ் விஷயத்தில் நான் கஞ்சன்.

"பேபி," என்கிறேன். "நைட். ஸ்லீப்பிங். டீத்."
"பேபி?"
"பேபி இன் கியர்பாக்ஸ். நோ, நோ. லைக் பேபி."
வாக்கிடாக்கியில் கீழிருந்து ஜெபசிங்:
"ஏல, வயித்துல பூச்சி இருக்கும்.
மருந்து குடுக்கச் சொல்லு."

அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
மேலே நிற்கும்போது தெரிகிறது,
ஆரல்வாய்மொழியில் மலை விட்டுப்போன இடைவெளி.
இத்தனை காற்றும் அது வழியாகத்தான் வருகிறது.

போனை வாயோரம் வைத்து
பல்லைக் கடித்தேன்.
முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

கொஞ்ச நேரம் கழித்து
அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.
மெலிசாக. வெள்ளைக்காரப் பல்.
"மோர்," என்றேன்.
கடித்தார்.
"மோர்."
பாவம், வீட்டில் ஆள் எழுந்திருப்பார்கள்.
"யெஸ்," என்றேன்.
"இங்கிலீஷில் இதை எப்படிச் சொல்வது," என்று
தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.
அவருக்கும் அது அடுத்த வீட்டுப் பாஷை.

ரிப்போர்ட்டில் 'சத்தத்தின் தன்மை' என்று
ஒரு சொல்லுக்குக் கட்டம் போட்டிருந்தது.
டீத் என்று எழுதினேன்.
ஆடியில் புதுப் பேரிங் வந்தது,
அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில்:
டவர் 27, டீத்.

மாட்டி முடித்து வீட்டுக்கு வந்த ராத்திரி
முப்பிடாதி மாவாட்டிக்கொண்டிருந்தாள்.
உளுந்து தீர்ந்து கல்லும் கல்லும் பேசுகிற நேரம்.
நறநற.
அட சவமே.
கிரைண்டர்.
மாமனார் வாங்கிக் கொடுத்தது.
பன்னிரண்டு வருசமாய் அடுக்களையில் நின்று
தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறது,
நான் இட்லி தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது வீட்டையே சந்தேகமாய்ப் பார்க்கிறேன்.
ஹேங்கர். கூலர். ஸ்டிக்கர்.
எதெது எதை ஒளித்து வைத்திருக்கிறதோ.
முப்பத்தொன்றாம் டவரில்
ஆயில் சொட்டுச் சொட்டாய் விழுகிறது,
காலையில் ஹென்ரிக் கேட்பார்.

"ஏங்க, நாளைக்கு எங்கம்மைக்கு ட்ரிப்ஸ் ஏத்தணும்,
வள்ளியூர் வரைக்கும் வருவீயளா?"
"சித்த பேசாம இரு, பிள்ள.
ஒரு சொல் தேடுதேன்."